சாட்சி பாட்டில்

எஃபி ராங்கினின் மூக்கைப் பற்றி லீத் துறைமுகத்தில் சொல்லப்படுவதில் பாதியை நம்பினால் போதும். அந்தப் பாதியே ஒரு வண்டி தேறும். பாதிரியார் காலையில் என்ன சாப்பிட்டார் என்பதை, அவர் மேடையேறி வாயைத் திறக்கும் முன்பே, கோயிலின் கடைசி வரிசையில் இருந்தபடி சொல்லிவிடுவாள். எதிர்க்கரையில் எந்த ஊர் வைக்கோல் நனைந்தது என்பதைக் காற்றை வைத்துச் சொல்வாள். ஒருமுறை மாலுமி ஒருவன் அவளைக் கடந்து போனபோது, "இவனுக்கு மூணு ஊர்ல மூணு பொண்டாட்டி. நாலாவது சோப்பு யாரோடதுன்னுதான் பிடிபடல" என்றாளாம். மூன்று பெண்டாட்டி கதைக்கு யாரும் பொறுப்பில்லை. மாலுமி மறுநாளே வேறு கப்பல் ஏறியது மட்டும் நிஜம்.

அந்த மூக்குக்கு ஓக்கில்ட்ரீ கம்பெனியில் வேலை. கம்பெனியின் பெருமை 'ஸ்கெர்ரி லைட்' என்ற கலப்பு விஸ்கி. முளைகட்டிய பார்லியில் வடித்த, ஒரே வடிசாலையின் மால்ட் விஸ்கியை மட்டும் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவர்களைக் கண்டால் எஃபிக்குச் சிரிப்பு வரும். மற்ற தானியத்தில் வடித்த சாதுவான விஸ்கிதான் சோறு. மால்ட் விஸ்கிகள் குழம்பு, கூட்டு, ஊறுகாய். ஊறுகாயை மட்டும் நக்கிவிட்டு விருந்து சாப்பிட்டேன் என்று ஏப்பம் விடலாமா? எதை எவ்வளவு சேர்த்தால் எது எதை அமுக்காது என்று பார்ப்பதல்லவா சமையல்? ஸ்கெர்ரி லைட்டை மூக்கருகே கொண்டு போனால் முதலில் பேரிக்காய்த் தோல் வரும். கொஞ்சம் பொறுத்தால், அப்போதுதான் ஊதி அணைத்த மெழுகுவர்த்தியின் வாசம். எல்லாம் அடங்கிய பிறகு, எங்கோ தூரத்தில் தார் பூசிய கயிறு புகைவது போல ஒரு மிச்சம். லீத் ஆண்கள் அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, பக்கத்தில் அரை கிளாஸ் பீரையும் வைத்துக்கொண்டு, மாலைப் பொழுதைக் கழித்தார்கள்.

எஃபியின் வேலை விசித்திரமானது. ஒரு தடவைக்குக் கலக்கும் சரக்கு ஒரு ஈடு; ஒவ்வொரு ஈடும் கலந்து முடிந்ததும் சாம்பிள் அறைக்கு வரும். காலையில், டீ கூடக் குடிக்காமல், வாசனை சோப்பு போடாமல், வெங்காயம் பக்கம் போகாமல் அவள் வந்து உட்கார வேண்டும். முன்னால் மூன்று நீலக் கண்ணாடிக் கிளாஸ்கள். நிறத்தைப் பார்த்துக் கண் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக நீலம். இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. பழைய ஸ்கெர்ரி லைட் எப்படி இருந்தது என்பதற்கு அத்தாட்சியாகப் பூட்டிய அலமாரியில் ஒரு பாட்டில் இருக்கும். சாட்சி பாட்டில் என்பார்கள்; குறையக் குறையப் பழைய கையிருப்பிலிருந்து நிரப்பி வைப்பார்கள். அதையும் புது ஈட்டையும்தான் கிளாஸ்களில் மாற்றி மாற்றி ஊற்றி வைப்பார்கள். எது வேறு என்று எஃபி கண்டுபிடித்துவிட்டால் ஈடு தேறவில்லை என்று அர்த்தம். கண்டுபிடிக்க முடியாமல் தோற்றால் தேறியது. தோற்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் இந்தத் துறைமுகத்திலேயே நான் ஒருத்திதான் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

அலமாரிச் சாவி ரோனா மீக்கிளின் இடுப்பில் இருந்தது. ரோனா ஊற்றுவாள், எஃபி முகர்வாள். இருவரும் பாட்டில் கழுவும் கூடத்தில் சேர்ந்தே வேலைக்கு நுழைந்தவர்கள். எஃபியின் கல்யாணத்தில் பக்கத்தில் பூச்செண்டோடு நின்றவள் ரோனா. எஃபியின் புருஷன் நெஞ்சுவலியில் போனபோது அவள் வீட்டிலேயே தங்கி, அழுதால் டீ போட்டுக் கொடுத்து, அழாவிட்டால் திட்டி அழவைத்தவளும் அவள்தான். ரோனா தும்மினால் எஃபிக்குச் சளி பிடிக்கும் என்று ஊர் கேலி பேசியது.

எஃபிக்கு ஒரு அண்ணன் உண்டு. பெயர் டூகல். பீப்பாய்த் தச்சனாக இருந்து ஓய்வு பெற்றவர். விஸ்கி நிரம்பிய பீப்பாயைத் தட்டிப் பார்த்தே உள்ளே இருப்பதற்கு வயதென்ன என்று சொல்வார் என்பது குடும்பத்தின் புளுகு. மகளைப் பார்க்கக் கனடா போனவர் இரண்டு குளிர்காலம் அங்கேயே தங்கிவிட்டார். மருமகன் வீட்டில் சாராய வாடையே ஆகாது. திரும்பி வந்த அன்று மாலை நேராக மதுக்கடைக்குப் போய், தொப்பியைக் கழற்றி வைத்து, பக்தியோடு ஒரு மடக்குக் குடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார்.

"இது ஸ்கெர்ரி லைட் இல்ல."

கடைக்காரர் காவின் பாட்டிலைக் காட்டினார். சீட்டு இருந்தது, முத்திரை இருந்தது. டூகல் இன்னொரு மடக்குக் குடித்து, அதே வார்த்தையைச் சொன்னார். மூலை மேஜையில் ரோனாவோடு இருந்த எஃபியைக் கடையே திரும்பிப் பார்த்தது. இந்த விஷயத்தில் பாதிரியாருக்கும் மேலான அதிகாரம் அவளுக்குத்தான்.

"அண்ணே, நானே பாத்து அனுப்புன ஈடு அது," என்றாள் எஃபி. "பாட்டில் மாறல. உன் நாக்குதான் மாறிப்போச்சு."

முதலில் சிரித்தவள் ரோனா. "கனடாப் பனியில ஒறஞ்சு போச்சு போல. அடுப்பு மேல கொஞ்ச நேரம் நீட்டிப் பாருங்க டூகல்." கடை முழுவதும் சிரித்தது. எஃபியும் சிரித்தாள்.

டூகல் சிரிக்கவில்லை. தங்கைக்கு மட்டும் கேட்கிற குரலில், "மெழுகு எங்க போச்சு எஃபி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எஃபிக்குள் முள்ளாகத் தங்கியது. மறுநாள் காலை சாட்சி பாட்டிலைத் தனியாக வாங்கி முகர்ந்தாள். பேரிக்காய் இருந்தது, புகை இருந்தது. மெழுகு இல்லை. முன்பு இருந்ததா என்று ரோனாவைக் கேட்டாள். நாம் குட்டிகளாக வேலைக்கு வந்த காலத்தில் அழுக்குப் பீப்பாயில் ஊற்றுவார்கள், அப்போது ஏதாவது வாடை ஏறியிருக்கும், நீயும் உன் அண்ணனும் கோயில் மெழுகுவர்த்தியை விஸ்கியோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்று ரோனா முகம் மாறாமல் சொன்னாள். சாட்சியே சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? எஃபி அண்ணனிடம் போய், மெழுகு கிடையாது, எந்தக் காலத்திலும் கிடையாது, சாட்சி பாட்டிலையே முகர்ந்துவிட்டேன் என்று அடித்துச் சொன்னாள்.

டூகல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "அப்பாவுக்கும் சூப்புலதானே ஆரம்பிச்சுது" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அவர்களுடைய அப்பா ஒருநாள் சூப்பில் உப்பில்லை என்றார். அப்புறம் சூப்பே இல்லை, தண்ணீர் என்றார். அடுத்த வருஷம் மனைவியைக் கப்பல் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கடைசியில் வீட்டுச் செருப்போடு கப்பல்துறைக்கு நடந்து தண்ணீரில் விழுந்தவரைப் பிணமாகக் கொக்கி போட்டு இழுத்தார்கள். நாக்கு முதலில், பெயர்கள் அடுத்து, பிறகு கால்கள். அந்த வரிசை அண்ணன் தங்கை இருவருக்கும் மனப்பாடம்.

டூகல் மதுக்கடைக்கு வருவதை நிறுத்தினார். தன் நாயை ரொட்டிக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார், ஒருநாள் தீனி போட மறந்துவிட்டால் அது என்ன பாவம் பண்ணியது என்று. காலையில் எழுந்ததும் தான் பீப்பாய் ஏற்றிய கப்பல்களின் பெயர்களை வரிசையாகச் சத்தம் போட்டுச் சொல்வார். மூளை இருக்கிறதா என்று சரி பார்ப்பதற்கு. பக்கத்து வீட்டுக்காரி அதைச் சுவர் வழியாகக் கேட்டுவிட்டு எஃபியிடம் வந்து, உங்க அண்ணன் கப்பல்களோடு பேசுகிறார் என்றாள். அவர் பயத்தில் செய்ததே அவருக்கு எதிரான அத்தாட்சி ஆயிற்று.

எஃபி ரோனாவின் தோளில் சாய்ந்து அழுதாள். ரோனா டீ போட்டுக் கொடுத்தாள். முதுகைத் தடவினாள். மனநிலை சரியில்லாதவர்களை வைத்துப் பார்க்கும் ஒரு விடுதியின் பெயரையும் சொன்னாள். டூகல் மறுக்கவில்லை. "ஒனக்குப் பாரமா ஆகறதுக்கு முன்னாடியே போயிடறேன்" என்றார். போகும் நாளும் குறித்தாயிற்று.

அதற்கு முந்தின சனிக்கிழமை கோயிலில் தர்ம விற்பனை. அதில் ஒரு குலுக்கல் உண்டு. அந்தக் குலுக்கலுக்கு யாரோ புண்ணியவான் ஒரு காலத்தில் ஒரு ஸ்கெர்ரி லைட் பாட்டிலைக் கொடுத்திருந்தார். அந்தச் சபையில் பாதிப்பேர் மது தொடமாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள். பாட்டில் யாருக்கு விழுந்ததோ அவர் அதை அலமாரியில் மறைத்து வைத்து, அடுத்த வருஷக் குலுக்கலுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார். இப்படியே அது வீடு வீடாக, விருந்தாளி போல, திறக்கப்படாமலே சுற்றி வந்தது. குடிகாரர்கள் ஊரில் பழைய விஸ்கி பிழைத்துக் கிடக்க வேண்டுமென்றால் குடிக்காதவர்கள் அலமாரியை விட்டால் வேறு இடமேது? அந்த வருஷம் அது எஃபிக்கு விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்ற பாதிரியாரின் மனைவி, பாம்பைக் கைமாற்றிவிட்டவள் போலப் பெருமூச்சு விட்டாள்.

ஞாயிறு காலை, வெறும் வயிற்றோடு, எஃபி அதைத் திறந்தாள். அண்ணனை அனுப்புவதற்கு முன் அவரோடு கடைசியாக ஒரு வாய் குடிக்கலாம் என்ற நினைப்பு. வழக்கப்படி கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, அதே அளவு தண்ணீர் விட்டு, மேலே ஒரு சாஸரை மூடி, கொஞ்சம் காத்திருந்து, திறந்தாள்.

பேரிக்காய்த் தோல் வந்தது. அவள் மூச்சை விட்டு, மறுபடி இழுத்தாள்.

யாரோ பக்கத்து அறையில் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்கள்.

எஃபி மறுபடி முகர்ந்தாள். மெழுகு, சந்தேகத்துக்கே இடமில்லாமல், கொழகொழவென்று நின்றது. நாக்கில் வைத்தாள். ஓரங்களில் வழுக்கிக்கொண்டு போய்த் தொண்டையில் புகையாக முடிந்தது. புருஷனோடு குடித்தது, அப்பாவின் சவ அடக்கத்தன்று குடித்தது, டூகல் கனடா போகும்போது குடித்தது எல்லாம் இதுதான். அப்படியென்றால் தினமும் காலையில் அவள் முகர்ந்தது எது?

மூக்கு என்பது பெரிய புத்திசாலி அல்ல. பக்கத்தில் இருப்பதோடுதான் அதற்கு ஒப்பிடத் தெரியும். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் சொல்லும். நேற்று அதற்கு முன்தினத்தை விட்டு ஒரு மயிரிழை நகர்ந்திருந்தால், இன்று இன்னொரு மயிரிழை நகர்ந்தால், கையைப் பிடித்துக் கூட்டிப் போனால் கூடவே வரும் குருடன் போல அது கடல் வரைக்கும் நடக்கும். டூகல் இரண்டு குளிர்காலம் விலகி இருந்தவர். அவர் ஒரே எட்டில் தாண்டி வந்ததால் பள்ளம் தெரிந்தது. எஃபிக்கு இது எல்லாம் புரிய ஒரு கிளாஸ் தீரும் நேரம்தான் ஆனது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. சாட்சி பாட்டில் தானாக நகராது.

திங்கட்கிழமை அவள் முன்னதாகவே சாம்பிள் அறைக்குப் போய் மூன்று நீலக் கிளாஸ்களை வைத்தாள். இரண்டில், போன ஈட்டைச் சோதிக்க ஊற்றி மேஜையிலேயே மிச்சம் இருந்த சாட்சி, ஒன்றில் குலுக்கல் பாட்டில். ரோனா வந்ததும், இன்று நீ உட்கார், நான் ஊற்றியாயிற்று என்றாள். ரோனா சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். முதல் கிளாஸ். இரண்டாவது கிளாஸ். மூன்றாவதை மூக்கருகே கொண்டு போனவள் அப்படியே நிறுத்தினாள். சிரிப்பு போய்விட்டது. கிளாஸைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"எங்க கெடச்சுது?" என்றாள்.

இது என்ன என்று கேட்கவில்லை. எஃபிக்கு அதற்கு மேல் விசாரணை தேவைப்படவில்லை. இருந்தும் ரோனா சொன்னாள். வடக்கே மெழுகு வாசம் தந்துகொண்டிருந்த சின்ன வடிசாலையை மூடிவிட்டார்கள். கையிருப்புப் பீப்பாய்கள் குறையக் குறையக் கலவையில் அதன் பங்கும் குறைந்தது. எஃபியின் மூக்கு ஒப்பாது என்று மேனேஜர் கார்ஸ்டேர்ஸுக்குத் தெரியும். அதனால் சாட்சி பாட்டிலை நிரப்பும்போதெல்லாம் புது ஈட்டில் கொஞ்சம், அடுத்த முறை இன்னும் கொஞ்சம் என்று சேர்க்கச் சொன்னார். ரோனா சேர்த்தாள்.

"நீ ஒவ்வொரு ஈட்டையும் தள்ளியிருப்படி," என்றாள் ரோனா. "அந்த ஆளு ஒன்னைத் தூக்கிட்டு, தலையாட்டற எவளையாவது ஒக்கார வெச்சிருப்பான். ஒனக்கு இந்த மூக்க விட்டா என்ன இருக்கு? ஒன்னைக் காப்பாத்தத்தான் செஞ்சேன்."

"சரி, என்னைக் காப்பாத்துன. எங்க அண்ணனை எதுக்குடி பைத்தியமாக்குன?"

"நான் எங்க ஆக்குனேன்? ஒரு தமாஷ் பண்ணேன். அவரு நாக்கு மாறிப்போச்சுன்னு தீர்ப்புச் சொன்னது நீதான்."

அது உண்மை. அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது. எஃபி அவளுடைய முகத்தையே பார்த்தாள். விடுதியின் பெயரைச் சொன்னபோதும், முதுகைத் தடவியபோதும் இதே முகம்தான். இந்த முகத்தில் ஒரு வாசமும் வரவில்லையே என்று நினைத்தாள். மாலுமியின் மேல் நாலாவது சோப்பு வாசத்தைக்கூட மோப்பம் பிடித்த மூக்கு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த துரோகத்தைப் பிடிக்கவில்லை.

குலுக்கல் பாட்டிலை எடுத்துக்கொண்டு நேராக டூகலிடம் போனாள். அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் விளக்காமல் ஊற்றிக் கொடுத்தாள். அவர் முகர்ந்தார். குடிக்கவில்லை.

"மெழுகு," என்றார்.

"ஆமாண்ணே."

"இருக்கா, இல்ல எனக்கு மட்டும்தான் தெரியுதா?"

"இருக்கு. எப்பவும் இருந்துச்சு. நீ சொன்னதுதான் சரி." பிறகு நடந்ததை எல்லாம் சொன்னாள்.

டூகல் அழவில்லை, அணைத்துக்கொள்ளவும் இல்லை. கட்டிய பெட்டியைப் பிரித்துச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தார். எல்லாம் வைத்து முடித்தபின், "கடையில எல்லார் முன்னாடியும் என்னைச் சொன்னே. அதே கடையில, எல்லார் முன்னாடியும் வந்து சொல்லு" என்றார். சொன்னால் வேலை போகும் என்று எஃபி சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதுக்கடை நிறைந்திருந்தது. ரோனா வழக்கமான இடத்தில் இருந்தாள். எஃபி அண்ணனோடு நுழைந்து, காவினிடம் கடையின் பேச்சுச் சத்தத்தை அடக்கச் சொல்லிவிட்டு, எதையும் மறைக்காமல் சொன்னாள். விஸ்கி மாறிவிட்டது. மாறியது தெரியாமல் நான் தேறியது என்று கையெழுத்துப் போட்டேன். டூகலின் நாக்கு சரியாகத்தான் இருக்கிறது, ஏமாந்தது என் மூக்கு.

மதுக்கடை தன் கிளாஸ்களைப் பார்த்தது. ஒருவர் குடித்துப் பார்த்தார். இன்னொருவர் முகர்ந்து பார்த்தார். அவர்களும் மயிரிழை மயிரிழையாக நடந்து வந்தவர்கள்தானே, அவர்களுக்கு என்ன தெரியும்? நல்லாத்தானே இருக்கு என்று முணுமுணுத்தார்கள். இவ்வளவு காலம் எதைக் குடித்தோம் என்று கேட்டுக்கொள்ள யாருக்கும் ஆசையில்லை. கடைசியில் காவின், பொதுவில், ரோனாவைப் பார்த்துக் கேட்டார்: "சாவி ஒங்கிட்டதானே இருக்கு. நீ சொல்லு ரோனா, எஃபி சொல்றது நெசமா?"

ரோனா எஃபியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவர்கள் சேர்ந்து பாட்டில் கழுவிய காலம் எல்லாம் இருந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, மிகவும் அன்பான குரலில் சொன்னாள்.

"எஃபிக்குக் கொஞ்ச நாளா ஒடம்பு சரியில்ல. அவங்க அப்பாவுக்கு இருந்ததுதான். பாவம், அண்ணனுக்கு அடுத்து இவ."

கடை பெருமூச்சு விட்டது. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டால் எத்தனை நிம்மதி. ஒரு பெண் எஃபியின் கையைத் தட்டிக் கொடுத்தாள். காவின் அவளுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்தார். அந்த நாற்காலியைப் பார்த்தபோது, இத்தனை மாதம் தன் அண்ணன் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பது எஃபிக்கு முதன்முறையாகத் தெரிந்தது.

வீட்டில் பாதி பாட்டில் மிச்சம் இருந்தது. கொண்டுவந்து ஊற்றிக் காட்டட்டுமா என்று அண்ணனைக் காதோடு கேட்டாள். டூகல் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இவனுங்களுக்கா?" என்றார். "வா, போலாம். ரெண்டு பைத்தியம் குடிக்க அது சரியா இருக்கும்." அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டவர், மன்னித்துவிட்டேன் என்ற வார்த்தையை அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொன்னதில்லை.

கம்பெனி எஃபியை அனுதாபத்தோடு வீட்டுக்கு அனுப்பியது. சாம்பிள் அறை நாற்காலியில் ரோனா உட்கார்ந்தாள். எஃபி கரையோர மீன் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் கை வைத்த மீன் நேற்றையதாக இருந்ததில்லை. படகு கரை தொடும் முன்பே எந்தப் பெட்டியில் கெட்டது இருக்கிறது என்று கத்துவாள் என்பதையும் பாதி நம்பினால் போதும். மூளை கெட்டவளுக்கு மூக்கு மட்டும் எப்படி இவ்வளவு சரியாக வேலை செய்கிறது என்று அந்த ஊரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ரோனா வாராவாரம் அந்தக் கடைக்கு வந்தாள். வேறு மீன் கடைகளும் இருந்தன, ஆனாலும் வந்தாள். எஃபி மற்றவர்களுக்குச் செய்வது போலவே, இருப்பதில் நல்லதாகப் பார்த்து எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பாள். ஒருநாளும் பழையதைத் தள்ளிவிட்டதில்லை. ரோனா அதை வாங்கியதும் அங்கேயே, எஃபியின் கண் முன்னாலேயே, காகிதத்தைப் பிரிப்பாள். மீனை மூக்கருகே கொண்டு போய் ஒருமுறை முகர்வாள். மறுபடியும் ஒருமுறை முகர்வாள். அப்புறம்தான் கூடையில் போட்டுக்கொள்வாள்.